பேட்டரி கெட்டதா, இறங்கியதா?

காலையில் சாவியைத் திருப்புகிறோம். 'டிக்' என்று ஒரு சத்தம் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. வாட்ச்மேன், பக்கத்து வீட்டுக்காரர், போனில் மைத்துனர் என எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: பேட்டரி போச்சு, மாத்திடுங்க. மதியத்துக்குள் சில ஆயிரம் ரூபாய் செலவாகிவிடுகிறது. புதுப் பேட்டரி போட்டதும் வண்டி கிளம்பிவிடுவதால், சொன்னது சரியாகத்தான் இருந்தது என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

ஆனால் சார்ஜ் இறங்கிய பேட்டரியும், ஆயுள் முடிந்த பேட்டரியும், டெர்மினலில் உப்புப் பூத்துப்போன நல்ல பேட்டரியும் ஒரே அறிகுறியைத்தான் காட்டும். முதலாவதுக்குச் சார்ஜ் போட்டால் போதும். மூன்றாவதுக்கு ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் வெந்நீரும் போதும். நடுவில் உள்ளதற்கு மட்டுமே புதிது வாங்க வேண்டும். இந்த மூன்றையும் பிரித்தறிய மெக்கானிக் படிப்பு தேவையில்லை.

உள்ளே நடப்பதை முதலில் தெரிந்துகொள்வோம். 1859இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளான்டே செய்து காட்டிய ஈய-அமில பேட்டரியின் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஆறு செல்கள், முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஒவ்வொரு செல்லிலும் ஈயத் தகடுகள், ஈய டை ஆக்சைடு பூசிய தகடுகள், நடுவே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் வெளியே போகப் போக இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படியும், அமிலம் நீர்த்துக்கொண்டே வரும். சார்ஜ் ஏற்றினால் இது தலைகீழாக நடந்து தகடு பழைய நிலைக்குத் திரும்பும். கவனிக்க வேண்டியது இங்கேதான்: இறங்கிய பேட்டரியை வாரக்கணக்கில் அப்படியே விட்டால், மென்மையாகப் படிந்த சல்பேட் கெட்டியான படிகமாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது முழுதாகக் கரையாது. இறங்கிய பேட்டரி கெட்ட பேட்டரியாக மாறுவது இப்படித்தான்.

அடிக்கடி ஸ்டார்ட் செய்வதால் பேட்டரி தேய்ந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சிறிய காரின் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியரை 2 விநாடி இழுத்தால்கூட, செலவாவது ஏறக்குறைய 0.1 ஆம்பியர்-அவர்தான். சும்மா நிற்கும் வண்டியோ, அலாரம், சென்ட்ரல் லாக், கணினி எல்லாம் சேர்த்து 50 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு நாளில் 1.2 ஆம்பியர்-அவரைத் தின்றுவிடும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதி இரண்டே வாரத்தில் காலி. நேரடி இணைப்பில் டேஷ்கேம் மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம். 2020 ஊரடங்கு முடிந்து வண்டியை எடுக்கப் போன பலருக்கு நேர்ந்தது இதுவே. தினமும் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விடுவது இதற்கு மருந்தாகாது. அந்த வேகத்தில் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் குறைவு, ஏசியும் விளக்கும் போட்டிருந்தால் அதிலும் பெரும்பகுதி போய்விடும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம், முடிந்தால் அதற்கு மேலும், சாலையில் ஓட்டுவதே நல்லது. மாதக்கணக்கில் ஊரில் இல்லையென்றால் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம்.

நம் ஊரில் பேட்டரியின் முதல் எதிரி வெயில். வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் வேதிவினைகள், அரிப்பு உட்பட, ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகும். அக்கினி நட்சத்திரத்தில் வேலூரில் வெளியே 42 டிகிரி என்றால், பானெட்டுக்குள் இன்ஜின் சூடும் சேர்ந்துகொள்கிறது. தகடு அரிக்கிறது, நீர் வற்றுகிறது. ஆனால் சூட்டில் இன்ஜின் லேசாகச் சுழல்வதால் பலவீனம் வெளியே தெரிவதில்லை. அதே வண்டியை டிசம்பரில் ஊட்டிக்குக் கொண்டுபோய் இரவு முழுதும் நிறுத்தினால், மறுநாள் காலையில்தான் குட்டு வெளிப்படும். குளிர் கொன்றுவிட்டது என்று நினைப்போம். கொன்றது மே மாதம். நிழலில் நிறுத்துவதும், பேட்டரியைச் சுற்றி நிறுவனம் கொடுத்த உறையைக் கழற்றி எறியாமல் இருப்பதும் காசு செலவில்லாத பராமரிப்பு.

இனி சோதனை. சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு இரண்டு டெர்மினலிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் முழுச் சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி, 12க்குக் கீழே என்றால் ஏறத்தாழ வற்றிவிட்டது. பிறகு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி மீட்டரைக் கவனியுங்கள். செல்ஃப் சுற்றும் நேரத்தில் 9.6க்குக் கீழே விழக் கூடாது. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்டும். ஓடும்போதும் 12 வோல்ட் சில்லறையிலேயே நின்றால், மெக்கானிக்குகள் இன்னும் டைனமோ என்றே சொல்லும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்க வேண்டும் (புது வண்டிகள் சிலவற்றில் கணினியே வோல்ட்டேஜைக் கொஞ்ச நேரம் குறைத்து வைக்கும், அதையும் மனதில் கொள்ளுங்கள்). அந்தக் கோளாறைச் சரிசெய்யாமல் புதுப் பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் இறங்கிவிடும். சார்ஜரில் முழுதாக ஏற்றிய பிறகும், எந்த இணைப்பும் இல்லாமல் வைத்தாலே மறுநாள் 12.2க்கு வந்துவிடுகிறதா, ஸ்டார்ட் செய்யும்போது சரிகிறதா? அப்போது மாற்றலாம், தயங்க வேண்டாம். மூடியில் தெரியும் பச்சைக் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். அது ஆறு செல்லில் ஒன்றின் நிலையைத்தான் காட்டும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் அதை முதலில் சுத்தம் செய்யுங்கள். இன்ஜினை அணைத்து, பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும். காரின் உடம்பு முழுதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரும் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும் என்பதால் பொறியும் சிகரெட்டும் பக்கத்தில் ஆகவே ஆகாது. சமையல் சோடா கலந்த வெந்நீரை, செல் மூடிக்குள் போகாமல், கொஞ்சமாக விட்டால் பொடி நுரைத்துக் கரையும். கம்பி பிரஷால் தேய்த்து, துடைத்து, பாசிட்டிவை முதலிலும் நெகட்டிவைக் கடைசியிலும் மாட்டி, மேலே லேசாக வாஸ்லின் தடவுங்கள். கையால் அசைத்தால் கிளாம்ப் அசையக் கூடாது. நீர் ஊற்றும் வகையென்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே; குழாய் நீரும், குடிக்கும் மினரல் வாட்டரும் வேண்டாம். குறைவது நீர்தான், ஆகவே ஆசிட் சேர்க்கக் கூடாது.

மாற்றத்தான் வேண்டும் என்றால் காரின் கையேட்டில் உள்ள அளவையே கேளுங்கள். டெர்மினல் இடவலம் மாறினால் கேபிள் எட்டாது. சிக்னலில் தானே அணைந்து எழும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கு அதற்கென்றே உள்ள ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகை தேவை, சாதாரணப் பேட்டரி அந்த உழைப்பைத் தாங்காது. தயாரித்த மாதத்தைப் பார்த்து, கடையில் நெடுநாள் கிடந்ததைத் தவிருங்கள். வாரண்டி எத்தனை மாதம் என்பதோடு, அதில் எத்தனை மாதம் இலவச மாற்று, எத்தனை மாதம் வெறும் தள்ளுபடி என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பேட்டரி விஷயத்தில்தான் நம் அக்கறை மிகக் குறைவு. அதன் எடையில் பாதிக்கும் மேல் ஈயம். செனகல் தலைநகர் டாக்காரை ஒட்டிய தியாரோய் சுர் மேரில், பழைய பேட்டரி உடைத்து ஈயம் எடுத்ததால் நஞ்சேறிய மண்ணாலும் தூசியாலும் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தார்கள். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. நூறு, இருநூறு கூடுதலாகக் கிடைக்கிறதே என்று தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். புதிது வாங்கும் கடையிலேயே கொடுங்கள், எக்ஸ்சேஞ்ச் தொகையைப் பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.