நான்கு சக்கரமும் இழுக்கட்டும்!

நாயுடுபேட்டையில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. எங்கள் பழைய பிக்கப் வண்டி, தமிழ் பொன்முகலி என்றழைக்கும் சொர்ணமுகி ஆற்று மணலில் திணறும்போதெல்லாம், "முன் சக்கரத்துக்கும் விசை கொடுத்துவிடலாம்" என்பார் என் அண்ணன். முடியுமா? முடியும் என்பேன். ஆனால், சட்டம்?

சுமையில்லாத பிக்கப்பில் எடையின் பெரும்பகுதி எஞ்சின் இருக்கும் முன்பக்கம். விசையோ பின் சக்கரத்துக்கு. பாரமற்ற சக்கரம் மணலைப் பற்றுமா? சுழலும், புதையும்.

மருந்து புதிதன்று. அமெரிக்காவில் மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம் 1930களிலேயே ஃபோர்டு லாரிகளை நான்கு சக்கர இழுவைக்கு மாற்றியது. 1950களில் நாப்கோ நிறுவனம் ஷெவர்லே பிக்கப்புகளுக்கு வேண்டிய உறுப்புகளைத் தொகுதியாகவே விற்றது. விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ், விசையேற்கும் முன் ஆக்சில், இரண்டையும் இணைக்கும் தண்டு: இவையே முதன்மை. முன், பின் ஆக்சில்களின் பல் விகிதம் ஒத்திருக்க வேண்டும்; இல்லையேல் சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 சனவரியில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உயிர் காக்கும் விதி, மீறச் சொல்லேன். ஆனால் அதே பிரிவு, நிபந்தனைகளோடு எரிவாயுவுக்கு மாற இடம் தருகிறதே! ஒப்புதல் பெற்ற எரிவாயுத் தொகுதியைப் பொருத்தலாமென்றால், சோதித்து ஒப்புக்கொண்ட ஆக்சில் தொகுதிக்கும் ஏன் வழி வகுக்கக் கூடாது?

சோதிப்பது யார்? பட்டறை மெக்கானிக்கிடம் கைத்திறன் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் கருவியும் கணக்கும் இருக்கின்றன. இரண்டும் சந்திக்கவே இல்லை. தோழர்களே, ஆய்வுக்கூடத்தின் கதவைப் பட்டறைக்குத் திறக்கச் சொல்லிக் கேட்போம். அளந்து காட்டிய பிறகே அரசிடம் வாதாட முடியும். அதுவரை, அண்ணா, வண்டியில் கை வைக்காதீர்கள்!