மலையக இளைஞரின் தொழிலில் நமக்கும் ஒரு பங்கு

மலையகக் கடைவீதிகளில் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் இரண்டு மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. கையில் மிஞ்சும் பணம் காணியாகிறது, நகையாகிறது, கொழும்பில் ஒரு வீடாகிறது. அதே கடைவீதியில் நல்லதொரு தொழில் யோசனையோடு, முதல் இல்லாமல் நிற்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இந்த இரு தரப்பும் ஒரே மேசையில் உட்காருவதில்லை. இதுவே நமது பெருங்குறை.

அந்த இளைஞன் முதலில் போவது வங்கிக்கு. வங்கி பிணை கேட்கும். லயன் அறையில் பிறந்தவனிடம் ஈடு வைக்கக் காணி உறுதி ஏது? அடுத்து வட்டிக்காரரிடம் போகிறான். 25 இலட்சம் ரூபாவை வருடத்துக்கு 15 வீத வட்டிக்கு எடுத்தால், வட்டி மட்டும் மாதம் 31,250 ரூபா. தொழில் தொடங்கிய முதல் மாதமே அதைக் கட்ட வேண்டும். புதிய தொழில் முதல் வருடத்திலேயே இலாபம் காண்பது அபூர்வம். ஆகவே அவன் முதலையே எடுத்து வட்டி கட்டுகிறான். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. கடனில் ஓடிய சிறு தொழில்கள் அதன் பின் பட்ட பாட்டை நாம் கண்ணால் பார்த்தோம்.

இதற்கு உலகம் வேறொரு வழி கண்டிருக்கிறது. வசதியுள்ள வியாபாரிகள் தமது சொந்தப் பணத்தைப் புதிய கம்பனியில் பங்காகப் போடுகிறார்கள். கூடவே தமது அனுபவத்தையும் தொடர்புகளையும் கொடுக்கிறார்கள். இவர்களை 'ஏஞ்சல்' முதலீட்டாளர்கள் என்பார்கள். அமெரிக்காவில் நாடகங்களுக்குப் பணம் போட்டவர்களைக் குறித்த இந்தச் சொல்லை, 1978இல் பேராசிரியர் வில்லியம் வெட்ஸல் தொழில் முதலீட்டாளர்களுக்குப் பயன்படுத்தினார். 1998இல் கூகுள் கம்பனி பதிவாகும் முன்பே அண்டி பெக்டோல்ஷைம் என்பவர் அந்த இரு மாணவர்களுக்கும் ஒரு இலட்சம் டொலர் காசோலை எழுதிக் கொடுத்தது எல்லோரும் அறிந்த கதை.

நம் பக்கத்திலும் இது புதிதல்ல. இந்தியாவில் 2006இல் இந்தியன் ஏஞ்சல் நெட்வேர்க் உருவானது. இலங்கையில் லங்கன் ஏஞ்சல் நெட்வேர்க் 2012இல் தொடங்கியது. புதிய கம்பனிகளையும் முதலீட்டாளர்களையும் ஒன்றுசேர்ப்பதே அதன் வேலை. உள்நாட்டுக் கம்பனி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஜிப்ரி ஸுல்பர் 2015இல் ஆரம்பித்த பிக்மீ ஓர் உதாரணம். 2018இல் சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனம் அதில் 25 இலட்சம் டொலர் முதலிட்டது. 2024இல் அந்தக் கம்பனி கொழும்பு பங்குப் பரிவர்த்தனைக்கு வந்தது.

ஆனால் இந்தச் சந்திப்புகள் பெரும்பாலும் கொழும்பில்தான் நடக்கின்றன. மலைநாடு ஏன் காத்திருக்க வேண்டும்? இன்றைய ஹட்டன் நஷனல் வங்கியின் வேர், 1888இல் ஹட்டன் நகரில் தோட்டத்துரைமாரின் தேவைக்காகத் தொடங்கிய ஒரு சிறிய வங்கி. மலையிலேயே முதல் திரட்டலாம் என்பதை அன்று அவர்கள் காட்டினார்கள். நமது தேயிலை கொழும்பு ஏலத்துக்கு 1883 முதல் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பொதி செய்து, பெயர் வைத்து, கூடிய விலைக்கு விற்கும் இலாபம் பெரும்பாலும் மலைக்கு வெளியே தங்குகிறது. அதை இங்கேயே செய்ய முனையும் இளைஞனுக்குத் தோள் கொடுப்பது யார்?

பங்குக்கு முதல் கொடுப்பது நமக்கு அந்நியமான விடயமும் அல்ல. முழாரபாவும் முஷாரகாவும் நமது வியாபார முறைகள். முழாரபாவில் பணம் போட்டவர் பண நட்டத்தை ஏற்பார். உழைத்தவர் தன் உழைப்பை இழப்பார். இலாபம் வந்தால் பேசிய விகிதப்படி இருவருக்கும். வட்டி ஹராம் என்று மேடையில் பேசுகிறோம். வட்டியில்லாமல் முதல் கிடைக்கும் ஒரு ஏற்பாட்டை நமது கடைவீதியில் உண்டாக்கினோமா?

செய்யும் முறை கடினமல்ல. ஐந்து வியாபாரிகள் தலைக்கு 5 இலட்சம் போட்டால் 25 இலட்சம். பணம் சேருமுன் அந்தக் கம்பனியின் பெறுமதி 75 இலட்சம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டால், பணம் சேர்ந்தபின் அது ஒரு கோடி. ஐவருக்கும் சேர்த்து 25 வீதம், ஆளுக்கு 5 வீதம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒரு தனியார் கம்பனியில் 50 பங்குதாரர்கள் வரை இருக்கலாம். ஆகவே சட்டம் தடையில்லை. ஊராரிடம் வைப்புப் பணம் சேர்ப்பது மட்டும் கூடாது. அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்.

சில விடயங்களில் கண்டிப்பு வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதிக்கொள்ளும்படி அல்குர்ஆன் பணிக்கிறது. கூட்டு வியாபாரத்தை எழுதாமல் விடலாமா? சட்டத்தரணியிடம் ஒப்பந்தம் எழுதி, கணக்காளரிடம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்குப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் பங்கைக் கேட்டு இளைஞனைச் சம்பளக்காரன் ஆக்கிவிடக் கூடாது. பிறகு அவன் எதற்காக இராப்பகலாக உழைப்பான்? புதிய தொழில்களில் பல விழும். ஆகவே மகளின் கல்யாணப் பணத்தையோ கடையின் சுழற்சி முதலையோ இதில் போடக் கூடாது. போன பணம் போனாலும் கடை திறக்கும் என்ற அளவுக்குத்தான் போட வேண்டும்.

ஆளை எப்படி நம்புவது என்று கேட்பீர்கள். தோட்டத்துக் குடும்பங்களுக்குக் கடன் கொப்பியில் எழுதி அரிசியும் மாவும் கொடுத்து, சம்பள நாளில் வாங்கிய பரம்பரை நாம். எந்த வீட்டார் சொன்ன நாளில் கொண்டுவந்து தருவார்கள் என்பது நமக்குத் தெரியும். கொழும்பு முதலீட்டாளரிடம் இல்லாத அறிவு இது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் மலையகத்தில் மண் சரிந்தது, பாதைகள் அடைபட்டன, வியாபாரம் நின்றது. அப்படியான மாதத்திலும் கடன் கொடுத்தவர் தவணையைத்தான் கேட்பார். பங்கு வைத்திருப்பவர், எப்படி எழும்பலாம் என்று கேட்பார். இளைஞனுக்கு அந்தக் கேள்வி ஒன்றே பாதிப் பலம்.

ஹட்டனில் ஐந்து பேர், நுவரெலியாவில் ஐந்து பேர் முன்வந்தால் போதும். மாதத்தில் ஒரு மாலை, வர்த்தக சங்கத்தின் அறையில் மூன்று இளைஞர்களை அழைத்து, இன மத பேதமின்றி, தலைக்குக் கால் மணி நேரம் பேசவிடுங்கள். பணம் கொடுப்பதைப் பிறகு தீர்மானிக்கலாம். முதலில் காது கொடுப்போம். இப்படியே விட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரும் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவார்கள். பிறகு நமது கடைகளுக்குச் சாமான் வாங்க வருவது யார்?