நடிகவேளைக் கொண்டாடுவோம், காந்தாவை என்ன செய்வது?

செப்டம்பர் 17 தந்தை பெரியாரின் பிறந்தநாள். 1979இல் அதே நாளில்தான் நடிகவேள் எம்.ஆர்.ராதா திருச்சியில் மறைந்தார். ஆண்டுதோறும் அன்றைக்கு நம் தோழர்களின் கைப்பேசிகளில் பெரியார் படத்துக்கு அடுத்தபடியாகச் சுற்றுவது 'இரத்தக் கண்ணீர்' துண்டுக் காட்சிகள்தாம். 30 நொடி, 40 நொடி. சாமியைக் கிண்டல் செய்வார், சாத்திரத்தைக் கிண்டல் செய்வார், காந்தாவை அந்த இழுத்த குரலில் கூப்பிடுவார். நாமும் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். நானும் வருடக்கணக்காகப் பகிர்ந்தவன்தான்.

போன வருடம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் படத்தை முழுசாகத் திரையிட்டோம். முடிந்ததும் முதலாண்டு படிக்கும் ஒரு தோழர் எழுந்து, "அந்தக் காந்தா அப்படி என்னதாங்க தப்பு பண்ணா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நாங்களும் நிறுத்திக்கொண்டோம். யாரிடமும் பதில் இல்லை.

கதை உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பணக்காரன் மோகனசுந்தரம். கட்டிய மனைவி சந்திராவை விட்டுவிட்டுத் தாசி வீடே கதியென்று கிடக்கிறான். பெற்ற தாயை மதிப்பதில்லை. சொத்து அழிகிறது, உடம்பில் தொழுநோய் வருகிறது, காந்தா அவனை வெளியே தள்ளுகிறாள். தெருவில் பிச்சையெடுக்கிறான். கடைசியில் தன் மனைவியைத் தன் நண்பன் பாலுவுக்கே மணம் முடித்து வைக்கிறான். திருவாரூர் கே.தங்கராசு எழுதிய நாடகம். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 1954இல் படமாக வந்தது.

அந்தக் கடைசித் திருமணம் இருக்கிறதே, அது இன்றைக்கும் பல தமிழ்ப் படங்கள் தொட அஞ்சும் இடம். கணவன் உயிரோடு இருக்கும்போதே மனைவிக்கு வேறு வாழ்க்கை என்று திரையில் சொன்னார்கள். அதற்காக அந்தப் படத்துக்கு வணக்கம் வைக்கலாம்.

ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேரும் வழியைப் பாருங்கள். ஒருவன் ஒழுக்கம் தவறினான், அதனால் தொழுநோய் வந்தது. இது பகுத்தறிவா? செய்த பாவம் உடம்பில் புண்ணாய் வெளிவரும் என்பதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு, கர்மவினை. எந்தக் கர்மவினையைச் சாதிக்கு நியாயம் கற்பிக்கிறது என்று நாம் மேடைதோறும் கிழிக்கிறோமோ அதேதான். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. தாசி வீட்டுக்குப் போவதால் வருவதில்லை. 1940களின் பிற்பகுதியிலேயே டாப்சோன் மருந்து கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அந்த நோயாளிகளை ஊருக்கு வெளியே வைத்த தீண்டாமை மாத்திரையில் போகவில்லை. இந்து திருமணச் சட்டத்தில் தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக 2019 வரை இருந்தது. அவ்வளவு ஆழத்தில் வேர்விட்ட வெறுப்புக்குப் படத்தின் கதையும் தண்ணீர் ஊற்றியிருக்கிறது என்று சொல்வதில் நமக்கு என்ன தயக்கம்?

அடுத்தது காந்தா. பொட்டுக்கட்டும் முறையை உண்டாக்கியது கோயில். அதை அனுபவித்தவர்கள் நிலமும் பணமும் வைத்திருந்த ஆண்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அதை ஒழிக்கச் சட்டம் வந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து வந்த படத்தில் கோயிலும் இல்லை, மிராசுதாரும் இல்லை. காந்தாவும் அவள் அம்மாவும் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்கள். மோகனசுந்தரமாவது அழுது திருந்திச் சிலையாகிவிடுகிறான். அவளுக்கு அதுவும் கிடையாது.

"தோழர், அந்தக் காலம் அப்படி" என்பார்கள். இல்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 'தாசிகள் மோசவலை' நாவலை வெளியிட்டது 1936இல். இரத்தக் கண்ணீருக்கு 18 ஆண்டுகள் முன்பு, அதே சுயமரியாதை இயக்கத்திலிருந்து, அந்தச் சமூகத்திலேயே பிறந்த ஒரு பெண் எழுதியது. அதில் ஏமாற்றும் தாசிகளும் உண்டு, அந்த வாழ்வை உதறிவிட்டு வந்து எதிர்த்து நிற்கும் தாசிகளும் உண்டு. இயக்கத்திடம் இரண்டு கதைகளும் இருந்தன. மீம் ஆனது எது என்று நமக்குத் தெரியும்.

இதைச் சொன்னால் எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறேன் என்று சிலர் கோபப்படுகிறார்கள். அவர்களுக்கு ராதாவின் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

ராதா சினிமாவிலிருந்து நாடகத்துக்கு வந்தவர் இல்லை. பையனாக நாடகக் கம்பெனிக்குப் போய் மேடையில் வளர்ந்தவர். 1937இல் 'ராஜசேகரன்' தொடங்கிச் சில படங்களில் தலைகாட்டினாலும் பிழைப்பும் பெயரும் மேடையில்தான். 'பாகப்பிரிவினை', 'பாவ மன்னிப்பு', 'பலே பாண்டியா', 'புதிய பறவை' என்று சினிமா அவரை விடாமல் பிடித்துக்கொண்டதெல்லாம் ஐம்பது வயதை ஒட்டியும் அதைத் தாண்டியும். வில்லன், கோமாளி, கஞ்சன், ஊரை ஏய்ப்பவன் என்று எல்லாம் செய்தார். அந்த இரட்டைக் குரலைக் கவனித்திருப்பீர்கள். ஊர் கேட்கச் சொல்லும் மரியாதையான வார்த்தை உச்சத்தில் கீச்சென்று போகும். மனசுக்குள் இருக்கும் உண்மை அடுத்த நொடி அடித்தொண்டையிலிருந்து கரகரவென்று வந்து விழும். பெரிய மனிதர்களின் போலித்தனத்தைக் காட்ட அவருக்கு வசனமே வேண்டாம், அந்த இறக்கம் போதும்.

இரத்தக் கண்ணீரைக் காப்பாற்றுவதும் இதுதான் என்பது என் கட்சி. கதை அவனைத் தண்டிக்கப் பார்க்கிறது. நடிகர் விடவில்லை. விரல் மடங்கி, முகம் வீங்கி, ஊர் தொட மறுக்கும் ஒரு உடம்பு, தன்னைக் கண்டு ஒதுங்குகிறவர்களின் பக்தியையும் தருமத்தையும் பார்த்து நக்கலடிக்கிறது. பார்க்கிறவன் பரிதாபப்பட வந்து, கேலிக்கு ஆளாகித் திரும்புகிறான். எழுத்தில் கர்மவினையாக இருப்பதை நடிப்பில் குரல்வளையைப் பிடித்துத் திருப்பியிருக்கிறார் மனுஷன்.

மேடையில் இது இன்னும் வேகமாக நடந்திருக்கிறது. அன்றைய செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடிப்பார், காலையில் அமைச்சர் பேசியதற்கு இரவு பதில் வரும் என்று பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி நமக்குத் தெரியும். நாடகத்துக்குத் தடை வந்தால் பெயரை மாற்றிப் போடுவார். இராமாயண நாடகம் போட்டபோது, மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து வராதீர்கள் என்கிற பொருளில் அறிவிப்பே கொடுத்தார் என்பார்கள். படம் வந்த அதே 1954இல் சென்னை மாகாணத்தில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. அது ராதாவுக்காகவே வந்த சட்டம் என்று இயக்கத்தில் சொல்லாதவர் இல்லை. அதன் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2013இல், ஞாநி தொடுத்த வழக்கில். நடுவில் கிட்டத்தட்ட 60 ஆண்டுகள். திராவிட இயக்க ஆட்சிகள் பல வந்து போயின. நடிகவேளுக்கு விழா எடுத்தவர்கள் அந்தச் சட்டத்தை எடுக்கவில்லை. (1967 ஜனவரியில் எம்.ஜி.ஆரைச் சுட்டது பற்றி ஆயிரம் பக்கம் எழுதும் சினிமாக்காரர்கள் இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு பத்தி எழுத மாட்டார்கள்.)

தினமும் வசனத்தை மாற்றிக்கொண்டே இருந்த கலைஞனின் நாடகம் அது. 1954இல் ஃபிலிமில் பதிவானது அந்த ஒரு நாளைய வடிவம். அதற்கு நாம் இப்போது பூசை செய்துகொண்டிருக்கிறோம். காந்தாவைப் பற்றிக் கேட்ட பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவர் மேடையில் இருக்கும்போது அரங்கிலிருந்து இந்தக் கேள்வி வந்திருந்தால் அடுத்த ஊரில் பதில் இருந்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். கீச்சுக் குரலில் ஒன்று, கரகரப்பில் ஒன்று.

நம்மில் நாடகக் குழு வைத்திருக்கும் தோழர்கள் எத்தனையோ பேர். வீதி நாடகம் போடுகிறீர்கள், கல்லூரி விழாக்களில் போடுகிறீர்கள். இரத்தக் கண்ணீரை எடுங்கள். கோயிலையும் மிராசுதாரையும் உள்ளே கொண்டு வாருங்கள். தொழுநோய் வந்தவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு அந்தப் பகுதியை எழுதுங்கள். மோகனசுந்தரம் கூப்பிடும்போது காந்தா திரும்பிப் பேசட்டும். எங்கள் வட்டத்தில் கேள்வி கேட்ட அந்தத் தோழரே முதல் காட்சியை எழுதத் தொடங்கியிருக்கிறார். காந்தாவின் அம்மாவுக்குப் பொட்டுக்கட்டிய நாளிலிருந்து தொடங்குகிறது. மோகனசுந்தரம் மேடைக்கு வர இன்னும் மூன்று காட்சிகள் ஆகுமாம்.