வீட்டுக்குக் காவல் துப்பாக்கியா?



போன மாதம் பேராக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பழம் வெட்டும் தம்பி ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். அவருடைய லயத்தில் ஒரே வாரத்தில் மூன்று வீடுகளில் திருடர்கள் புகுந்திருக்கிறார்கள். பாராங் கத்தியைக் காட்டி ஓர் அம்மாவின் தாலிக்கொடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

"அண்ணே, வூட்டுல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. நான் இருட்டோட பெரட்டுக்குப் போயிடுறேன். ஒரு துப்பாக்கி வாங்கி வச்சுக்கலாம்னு பாக்குறேன். எது வாங்கினா நல்லது? சயாம் எல்லையில இருந்து சின்னதா ஒண்ணு கொண்டாந்து தர்றேன்னு ஒருத்தன் சொல்றான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அந்தத் தம்பியைக் கோபிக்க மனம் வரவில்லை. பெற்ற பிள்ளைகளுக்காகப் பயப்படுகிறவரைக் கோபிப்பது எப்படி? அவருக்குச் சொன்னதையே எல்லாருக்கும் சொல்கிறேன். இதே எண்ணம் எத்தனை பேர் மனத்தில் இருக்கிறதோ!

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, போலீசின் உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. பறவை சுடும் காற்றுத் துப்பாக்கிக்கும் அதே சட்டம்தான். கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டார்கள். சொந்த நிலத்தில் பயிரைக் காட்டுப்பன்றி அழிக்கிறது என்று காரணம் காட்டுகிற விவசாயிக்கு, நடுவில் மடித்துத் தோட்டா போடும் 'செனாப்பாங் பாத்தா' கிடைக்கலாம். லயத்து வீட்டில் இருக்கும் நமக்கு அது நடக்கிற காரியமா?

சரி, கள்ளத்தனமாக வாங்கினால்? 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உரிமம் இல்லாத துப்பாக்கி கையில் இருந்தால் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. சுட வேண்டும் என்பதில்லை, வைத்திருந்தாலே போதும். துப்பாக்கி வைத்திருப்பவனோடு தெரிந்தே கூடித் திரிகிறவனுக்கும் அதே தண்டனைதான். திருடன் கொண்டு போவது ஒரு சங்கிலி. அந்தத் துப்பாக்கியோ குடும்பத் தலைவனையே 14 ஆண்டு கொண்டு போய்விடும். அப்புறம் அந்த இரண்டு பெண் பிள்ளைகளுக்கு யார் காவல்?

இன்னொன்று. அப்பா காலத்தில் உரிமத்தோடு வாங்கிய வேட்டைத் துப்பாக்கி சில வீடுகளில் பரண்மேல் கிடக்கும். அப்பா இறந்தால் அந்த உரிமமும் அவரோடு போயிற்று. ஞாபகார்த்தம் என்று பெட்டியில் வைக்காதீர்கள். அன்றே போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.

துப்பாக்கி நம் வரலாற்றில் செய்த வேலையையும் மறக்கக் கூடாது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த கணபதியை, 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவர் மேல் சாட்டிய குற்றம், கைத்துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருந்தார் என்பதுதான். இந்திய அரசாங்கம் முயன்றும் காப்பாற்ற முடியவில்லை. அவசரகாலச் சட்டம் போன பிறகும் இந்த நாட்டில் துப்பாக்கிச் சட்டம் மட்டும் இளகவே இல்லை.

சட்டத்தை விடுங்கள். வீட்டை நினைத்துப் பாருங்கள். நம்முடைய வீட்டில் எத்தனை அறை? பூட்டி வைக்கத் தனி அலமாரி உண்டா? பிள்ளை கைக்கு எட்டாமல் பூட்டி வைத்தால் திருடன் வரும்போது சாவி தேட வேண்டும். தலையணைக்கு அடியில் வைத்தால் பிள்ளை எடுத்து விளையாடும். சம்பள நாள் இரவு குடித்துவிட்டு வாய்ச்சண்டை போடுகிறவன் கைக்கு அது எட்டினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் 1993-இல் வெளியான மருத்துவ ஆய்வு ஒன்று, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நடக்கும் அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்றது. கொன்றவர்களில் பெரும்பாலோர் திருடர்கள் அல்ல, சொந்தக்காரரும் பழகியவரும்தான்.

நமக்கு ஆய்வே வேண்டாம். புல்லுக்கு அடிக்கிற பாராகுவாட் மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் எத்தனை லயங்களில் ஒப்பாரி கேட்டது? ஒரு நிமிடக் கோபம், ஒரு மடக்கு மருந்து. 2020-இல் அதைத் தடை செய்தார்கள். ஒரு விஷம் வெளியே போன வீட்டுக்குள் இன்னொரு விஷத்தை நாமே கொண்டு வருவதா?

"அப்படின்னா கையக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?" என்று தம்பி கேட்டார். இல்லை. உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையைத் தண்டனைச் சட்டம் நமக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்குத்தான். பிடிபட்டவனைத் தூணில் கட்டி வைத்து அடித்தால், அப்போது குற்றவாளி நாம்தான். பிடித்தால் 999-க்குப் போன் செய்யுங்கள்.

செய்ய வேண்டியது என்ன? கதவுக்கு உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் போடுங்கள். நகையை வீட்டில் குவிக்காதீர்கள். விசில் ஒன்று வாங்கி வையுங்கள். ஒரு வீட்டில் ஊதினால் பத்து வீட்டில் விளக்கு எரியட்டும். 1975-இல் அரசாங்கம் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா தோட்டத்துக்கும் பொருந்தும். ஆண்கள் முறை வைத்து இரவுக் காவல் சுற்றலாம். பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசியரையும் வங்காளதேசத்தாரையும் திருடனென்று சந்தேகிக்காமல் காவலுக்குக் கூப்பிடுங்கள். அவர்களும் நம்மைப் போலப் பயந்துகொண்டுதான் படுக்கிறார்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. லயத்து விளக்கு ஏன் எரியவில்லை? இரவு ஜாகா ஏன் ஆபீசையும் ஸ்டோரையும் மட்டும் சுற்றுகிறார்? உரமூட்டைக்குக் காவல் உண்டு, உரம் போடுகிறவனுக்கு இல்லையா? இந்தக் கேள்வியைத் தனி ஆளாகக் கேட்டால் கிராணியே திருப்பி அனுப்பிவிடுவார். எல்லாரும் கையெழுத்துப் போட்டு, சங்கத்தின் வழியாக எழுத்து மூலம் மானேஜரிடம் கேளுங்கள். நகலைப் பத்திரமாக வையுங்கள்.

அந்த லயத்தில் 31 பேர் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு விளக்கு எரிகிறது. ஜாகா விஷயம் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. தம்பியும் எல்லைக்காரனுக்கு 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்.

தோழர்களே! தனியாகப் பயப்படுகிறவன்தான் துப்பாக்கியைத் தேடுவான். நாம் ஏன் தனியாக இருக்க வேண்டும்? இன்று மாலையே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்!