கடைசி வரைபடம் யாரிடம் இருக்கு?

குரூப் அசைன்மென்ட் செய்த எல்லாருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். வட்ஸ்அப்பில் 'பைனல்' என்று ஒரு ஃபைல் வரும். அரை மணித்தியாலத்தில் 'பைனல் 2'. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு 'இதுதான் உண்மையான பைனல்'. இரண்டு பேர் ஒரே பக்கத்தை இரண்டு விதமாகத் திருத்தியிருப்பாங்க. எங்களுக்கு இதால போறது அஞ்சு மார்க்ஸ். விமானம் செய்றவங்களுக்கும் மலையில் வீடு கட்டுறவங்களுக்கும் போறது வேற.

இதற்காகவே பொறியியலாளர்கள் தனி மென்பொருள் வைத்திருக்கிறார்கள். வரைபடங்கள் எல்லாம் ஒரே களஞ்சியத்தில் இருக்கும். ஒருவர் ஒரு பாகத்தைத் திருத்த எடுத்தால் அது மற்றவர்களுக்குப் பூட்டப்படும். அவர்கள் பார்க்கலாம், கை வைக்க முடியாது. பொறுப்பானவர் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அது புதிய பதிப்பாக வெளிவரும். பழைய பதிப்பும் அழியாது. யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற பதிவோடு அப்படியே கிடக்கும்.

இந்த ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்பஸ் ஏ380 நல்ல உதாரணம். ஒரு விமானத்துக்குள் 500 கிலோமீற்றருக்கும் மேல் வயர். ஜெர்மனியின் ஹம்பர்க்கில் இருந்தவர்கள் கேட்டியா மென்பொருளின் 4ஆம் பதிப்பில் வரைந்தார்கள், பிரான்ஸின் துலூஸில் இருந்தவர்கள் 5ஆம் பதிப்பில். இரண்டும் ஒழுங்காகப் பேசிக்கொள்ளவில்லை. ஹம்பர்க்கில் இருந்து வந்த பகுதிகளைத் துலூஸில் பொருத்தப் பார்த்தால் வயர் நீளம் காணாது! 2006இல் தாமதத்தை அறிவித்தார்கள். நான்கு வருட இலாபத்தில் 480 கோடி யூரோ குறையும் என்று அந்த வருடமே கம்பனி சொன்னது. உலகத்திலேயே பெரிய பயணிகள் விமானத்தை மாசக்கணக்காக நிறுத்தி வைத்தது, எது கடைசி வரைபடம் என்ற கேள்விதான்.

"அதெல்லாம் மகாவலிக்கு அந்தப் பக்கம் படிக்கிறவங்கட விஷயம், கலைப்பீடத்துக்கு என்ன வேலை?" என்று கேட்கலாம். அக்பர் பாலத்தைத் தாண்டினால்தான் பொறியியற் பீடம், உண்மைதான். ஆனால் யார் திருத்தலாம், யார் பார்க்கலாம் என்பதை மென்பொருள் தீர்மானிப்பதில்லை, மனிதர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். அது அதிகாரம் பற்றிய கேள்வி. அதைக் கேட்க எங்களுக்கும் உரிமை இருக்கு.

என்னுடைய கருத்து இதுதான்: திருத்தும் அனுமதி சிலருக்கு மட்டும் இருக்க வேண்டும், பார்க்கும் அனுமதி பாதிக்கப்படக்கூடிய எல்லாருக்கும் இருக்க வேண்டும். நல்ல தொழிற்சாலையில் வயர் பூட்டுகிற தொழிலாளிக்கும் கடைசி வரைபடம் தெரியும். எங்கள் மலைகளில் அப்படியா?

2014 ஒக்டோபர் 29. பதுளை மாவட்டம், கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டம். காலையில் மலை சரிந்து லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்ததாகப் பிறகு அதிகாரிகள் சொன்னார்கள். ஆகவே தகவல் இல்லாமல் இல்லை. ஒரு அலுவலகக் கோப்பில் இருந்த அந்தத் தகவல், லயனில் படுத்திருந்தவர்களை அந்த இடத்தை விட்டு எழுப்பவில்லை. 'பார்க்கும் அனுமதி' என்று நான் சொல்வதன் விலை இது.

கண்டியிலும் இதே மலைதான், இதே மழைதான். இங்கே சரிவான நிலத்தில் கட்டுவதற்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கேட்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்த அறிக்கை எந்த வருட அபாய வரைபடத்தைப் பார்த்து எழுதப்பட்டது? அனுமதி கிடைத்த பிறகு மேல்மாடியும் பின்பக்க மண்வெட்டும் கூடினதா? கூடினால் யார் ஒப்புதல் கொடுத்தது? மேலே கட்டுறவருக்குப் பதில் தெரியலாம். கீழே குடியிருக்கிறவருக்கு?

"எல்லாருக்கும் காட்டினால் குழப்பம்தான் வரும்" என்று சிலர் சொல்வாங்க. வேலை நடந்துகொண்டிருக்கும் வரைவை யாரும் கேட்கவில்லை. ஒப்புதல் கிடைத்த பதிப்பும் அதற்குப் பிறகு நடந்த மாற்றங்களின் பட்டியலும் போதும். பார்க்கிறதால வரைபடம் கெட்டுப்போகாது.

சட்டமும் ஓரளவு எங்கள் பக்கம்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டங்களையும் 1 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டங்களையும் பற்றிச் சொல்கிறது. அவசர வேலைகள் தவிர, தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் தகவல் கொடுக்க வேண்டும். அந்தத் தகவல் தமிழிலும் வர வேண்டும். வாசிக்க முடியாத மொழியில் கிடைக்கிற வரைபடம் பூட்டிய ஃபைல் மாதிரித்தான்.

உங்கள் ஊரில் ஒரு அரச வேலை தொடங்கினால் அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். மூன்று கேள்வி போதும். ஒப்புதல் கிடைத்த வரைபடத்தின் இலக்கமும் திகதியும் என்ன? அதற்குப் பிறகு என்ன மாறியது, யார் ஒப்பமிட்டார்? எந்த வருட அபாய வரைபடத்தோடு ஒப்பிட்டார்கள்? தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அந்த மூன்றுக்கும் நேரான பதில் வரவில்லை என்றால், அந்த வேலையில் எது கடைசி வரைபடம் என்று அவர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். அதை மழைக்கு முன்னம் தெரிந்துகொள்வது நல்லது.