சூரியப் புயலுக்குப் பிளக்கைப் பிடுங்க வேண்டுமா?

"இன்றிரவு சூரியப் புயல் வருகிறது, கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிடுங்கள்" என்ற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பயந்துபோய்ப் பிளக்கையே பிடுங்கிவிடுகிறார்கள். தேவையில்லை. இடி மின்னலுக்குப் பிடுங்குங்கள், அது நியாயம். சூரியனிலிருந்து பாய்ந்து வரும் புரோட்டான், எலெக்ட்ரான் துகள்களைப் பூமியின் காந்தப்புலமும் காற்று மண்டலமும் பெருமளவு தடுத்துவிடுகின்றன.

அதற்காக இவற்றை அலட்சியப்படுத்தலாமா? கூடாது. செயற்கைக்கோளுக்குக் காற்று மண்டலம் என்ற கூரை கிடையாது. அதன் மெமரி சிப்பில் ஒரு துகள் மோதினாலே 0 என்பது 1 ஆக மாறிவிடலாம். துருவங்களின் மேல் சுற்றும் செயற்கைக்கோள்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அங்கே காந்தப்புலத்தின் பாதுகாப்பு குறைவு. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளம், அப்படிப்பட்ட பாதைக்குச் சிறிய செயற்கைக்கோள்களை அனுப்புவதற்காகத்தான். ஆகவே இது நம் ஊர் விஷயம்.

சூரியனை நாம் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் பார்க்கிறோம். 1990-ல் புறப்பட்ட யுலிசிஸ் விண்கலம்தான் வியாழனைச் சுற்றித் திரும்பி, 1994-ல் சூரியனின் தென்துருவப் பக்கம் 80 டிகிரி வரை முதன்முதலில் சென்றது. 2000 ஜூலை 14-ல் சூரியனின் நடுப்பகுதிக்கு அருகில் ஒரு வெடிப்பு. அப்போது தெற்கே 60 டிகிரிக்கும் மேல் இருந்த யுலிசிசையும் அதன் துகள்கள் எட்டின. வெடிப்பு வேறு பக்கம்தானே என்று சும்மா இருக்க முடியாது என்பதே இதன் பாடம்.

யுலிசிஸ் 2009-ல் நிறுத்தப்பட்டது. 2023 செப்டம்பர் 2-ல் புறப்பட்ட நமது ஆதித்யா எல்-1, துகள்களை நன்றாகவே அளக்கிறது. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜிதான் அதன் திட்ட இயக்குநராக இருந்தவர். ஆனால் அதுவும் பக்கவாட்டில்தான் பார்க்கிறது. ஐரோப்பாவின் சோலார் ஆர்பிட்டர் 2025-ல் 17 டிகிரியிலிருந்து சூரியனின் தென்துருவத்தைப் படம் எடுத்தது. இந்தியாவின் அடுத்த சூரிய விண்கலம் இன்னும் மேலே போக வேண்டும் என்பதே என் கருத்து.

இவ்வளவு செலவு தேவையா என்பீர்கள். அன்று முத்துக்குளிக்கப் போனவர்கள் கரை அடையாளத்தையும் நட்சத்திரத்தையும் நம்பினார்கள். இன்று தூத்துக்குடி விசைப்படகுகள் ஜிபிஎஸ்ஸை நம்புகின்றன. சூரியப் புயலில் அது தடுமாறலாம்.

ஆதித்யாவின் தகவல்களை இஸ்ரோவின் 'பிரதான்' இணையதளத்தில் பொதுமக்களுக்கே கொடுத்திருக்கிறார்கள். அடுத்த முறை புயல் செய்தி வந்தால் கம்ப்யூட்டரை ஆஃப் செய்யாதீர்கள். ஆன் செய்து, இஸ்ரோ என்ன சொல்கிறது என்று பாருங்கள்!