பழைய படங்களும் புதிய கருவிகளும்: அருங்காட்சியகங்களிடமிருந்து ஒரு பாடம்



இணையக் கருவிகளை ஆசிரியர்கள் எவ்வாறு கற்க வேண்டும் என்னும் பேச்சு நம் பள்ளிகளில் இன்னும் ஓயவில்லை. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது சில வாரங்களிலேயே எல்லாரும் கற்றாக வேண்டியிருந்தது; கற்றுக்கொண்டோம். அதன் பிறகு பயிற்சிகள் பெருகிவிட்டன. ஒரு நாள் பயிற்சி, அரை நாள் பட்டறை, மாலை நேர இயங்கலைக் கூட்டம் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. (காலைச் சிற்றுண்டிக்கு வரும் நாசி லெமாக்கைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.) சான்றிதழோடு திரும்புகிறோம். மறுவாரம் அந்தக் கருவியைத் திறந்து பார்க்கிறவர் எத்தனை பேர்?

இதற்கு ஆசிரியர்களின் சோம்பலைக் காரணம் காட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேறொரு துறையில் இதே சிக்கல் எவ்வாறு கையாளப்பட்டது என்பதை அண்மைக் காலமாகத் தேடிப் படித்து வருகிறேன். அந்தத் துறை அருங்காட்சியகம். அங்கே பணியாற்றுகிறவர்களும் ஏறத்தாழ நம்மைப் போன்றவர்களே. தாளோடும் பதிவேட்டோடும் பழகியவர்கள். தவறான செய்தி வெளியே போய்விடக் கூடாதே என்ற அச்சம் உடையவர்கள். அவர்கள் புதிய கருவிகளைக் கற்ற கதையில் நமக்குப் பயன்படும் செய்திகள் பல உள்ளன.

கதையின் தொடக்கம் அருங்காட்சியகத்தின் பக்கத்து வீடான நூலகத்தில். 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் நகரப் பொது நூலகத்தில் எலன் புளோவர்சு என்னும் அம்மையார் தம் பணியாளர்களுக்காக ஒரு பயிற்சித் திட்டத்தை வகுத்தார். மொத்தம் இருபத்து மூன்று சிறு பணிகள். முடிக்க ஒன்பது வாரங்கள். வகுப்பறை கிடையாது, விரிவுரையாளர் கிடையாது. ஒரு வலைப்பூவைத் தொடங்குக, ஒரு படத்தைப் பதிவேற்றுக, ஒரு குறிச்சொல் இடுக, பலர் கூடித் திருத்தும் விக்கிப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்க என்று ஒவ்வொன்றும் கையால் செய்து பார்க்க வேண்டிய வேலை. முடித்தவர்களுக்கு இசை கேட்கும் சிறு கருவி ஒன்று பரிசு. தேர்வு வைக்கப்படவில்லை. விளையாடிப் பார்ப்பதும் கற்றலே என்று அத்திட்டம் பணியாளர்களுக்கு வெளிப்படையாகச் சொன்னது. பிற்பாடு பல நாட்டு நூலகங்கள் இந்த முறையைத் தத்தம் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டன.

ஆனால் செய்து பார்த்தால் மட்டும் போதுமா? ஒன்பது வாரத்தோடு மறந்து போகக்கூடியதுதானே அதுவும்? கற்ற கருவிக்கு உண்மையான வேலை ஒன்று காத்திருக்க வேண்டும். அந்த வேலை என்ன என்பதை 2008-ஆம் ஆண்டு காட்டியது.

அவ்வாண்டு சனவரியில் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் தன்னிடமிருந்த பழைய ஒளிப்படங்களில் ஏறத்தாழ 3,100 படங்களைப் பிளிக்கர் தளத்தில் பொதுவில் வைத்தது. இந்தப் படங்களைப் பற்றி உங்களுக்கு ஏதேனும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று மக்களைக் கேட்டது. ஏப்ரலில் சிட்னியின் பவர்ஹவுசு அருங்காட்சியகம் சேர்ந்தது. டிரெல் தொகுப்பு எனப்படும் பழங்காலக் கண்ணாடித் தகட்டுப் படங்களை அது வெளியிட்டது. நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகமும் சுமித்சோனியன் நிறுவனமும் அதே ஆண்டில் வந்து சேர்ந்தன.

மக்கள் சொன்னார்கள். இது இன்ன தெரு, இது இன்ன கட்டடம், படத்தில் நிற்பவர் இன்னார் என்று எழுதினார்கள். சிட்னியில் சிலர் அதே இடத்துக்குப் போய் இன்றைய நிலையைப் படம் பிடித்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டார்கள். தவறாகச் சொன்னவர்களும் வெறுமனே வாழ்த்திவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். என் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது அதற்கு அடுத்து நடந்தது. காங்கிரசு நூலகப் பணியாளர்கள் மக்கள் சொன்ன செய்திகளைப் பழைய நாளேடுகளோடும் பிற சான்றுகளோடும் ஒப்பிட்டுச் சரி பார்த்தார்கள். சரியென்று உறுதியானவற்றைத் தங்கள் பட்டியலில் ஏற்றினார்கள். அந்தச் செய்தி பிளிக்கர் வழியாக வந்தது என்பதையும் அதே பதிவில் குறித்தார்கள். ஓர் ஆண்டு நிறைவதற்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பட்டியல் பதிவுகள் இவ்வாறு செம்மையாயின.

ஐந்நூறு என்பது பெரிய எண்ணன்று. ஆனால் அந்த ஐந்நூறும் பதிவேட்டில் ஏறியவை. நாளை பிளிக்கர் தளம் மறைந்தாலும் அவை மறையமாட்டா.

நம் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பைக் கணக்கில் கொண்டால் இந்நாட்டுத் தமிழ்க் கல்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. இவற்றுள் பல தோட்டத்தில் பிறந்தவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன; பால் மரம் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. பள்ளிகள் இடம் மாறின. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒரு பெட்டி தொலைந்தது. எஞ்சியவை தலைமையாசிரியர் அறை நிலைப்பேழையின் அடித்தட்டில் இருக்கின்றன: சேர்க்கைப் பதிவேடு, விளையாட்டுப் போட்டிப் படங்கள், பழைய ஆசிரியர்களின் குழுப்படம். பெரும்பாலான படங்களின் பின்புறம் வெறுமையாகவே இருக்கும்.

எங்கள் பள்ளியில் அப்படி ஒரு படம். 1960-களில் எடுத்ததாக இருக்கலாம். பலகைக் கட்டடத்தின் முன் நாற்பது பிள்ளைகள். நடுவே வேட்டி கட்டிய ஆசிரியர். ஆசிரியை ஒருவர் அதைப் பெற்றோர் புலனக்குழுவில் போட்டார். அன்று மாலையே மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டி குரல் செய்தி அனுப்பினார். "பின்னால தெரியிறது ஸ்கூல் இல்லம்மா, அது ஆயாக் கொட்டகை. ஸ்கூலு இந்தப் பக்கம். ஓரமா நிக்கிறது எங்க அக்கா." அக்காவின் பெயரைச் சொன்னார், ஆசிரியரின் பெயரைச் சொன்னார், அவர் எந்தத் தோட்டத்திலிருந்து மிதிவண்டியில் வருவார் என்பதையும் சொன்னார். ஒரு நிமிடத்துக்கும் குறைவான குரல் செய்தி. அதற்குக் கீழே இருபது கைகூப்பும் சின்னங்கள். அவற்றுக்குக் கீழே மறுநாள் சிற்றுண்டிச் சாலை விடுமுறை பற்றிய அறிவிப்பு.

நான் அந்தச் செய்தியை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் என் குறிப்பேடு பள்ளியின் பதிவேடாகிவிடாது. நான் மாற்றலாகிப் போனால் அதுவும் என்னோடு போய்விடும்.

கருவி நம்மிடம் இருக்கிறது. அதைக் கையாளவும் தெரிகிறது. சொல்லக்கூடிய பாட்டியும் இருக்கிறார், இன்னும் சில ஆண்டுகளுக்கு. கிடைத்த செய்தியை வாங்கி, சரி பார்த்து, பதிவேட்டில் ஏற்றும் பழக்கமும் அதற்குரிய நேரமும்தாம் நம்மிடம் இல்லை. எந்தப் பயிற்சியிலும் இது கற்பிக்கப்படுவதில்லை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது.

பொத்தான்கள் மாறிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். சார்லட் நூலகத்தார் 2006-இல் கற்ற கருவிகளில் பல இன்று இல்லை. அக்காலத்தில் நாம் கொண்டாடிய சியோசிட்டீசு 2009-இல் மூடப்பட்டது. கூகுள் ரீடர் 2013-இல் போயிற்று. பிளிக்கரே 2018-இல் கைமாறியது. அடுத்த ஆண்டு கட்டணமில்லாக் கணக்குகளுக்கு ஆயிரம் படங்கள் என்று வரம்பு விதித்தது. புரூக்ளின் அருங்காட்சியகம் இதை முன்கூட்டியே உணர்ந்தது போல் நடந்துகொண்டது. 2008-இல் பொதுமக்களே படங்களை மதிப்பிட்டுத் தேர்ந்த ஒரு கண்காட்சியை அது நடத்தியது. 389 படங்கள் வந்தன. 3,344 பேர் இணையத்தில் மதிப்பிட்டார்கள். காப்பாட்சியர்களும் பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநர்களும் தம் பணியைப் பற்றித் தாமே வலைப்பூவில் எழுதினார்கள். அத்தனை ஆர்வம் காட்டிய அதே நிறுவனம், பயன் குறைந்துவிட்டதென்று கருதிய தளங்களிலிருந்து 2013-இல் வெளியேறியது. பிளிக்கர் பொதுவெளியும் அவற்றுள் ஒன்று. கருவியைக் கைவிடத் தெரிந்திருப்பதும் கருவியைக் கற்றதன் ஒரு பகுதி என்றே எண்ணுகிறேன். நம்மில் சிலர் ஒரு செயலியைக் கற்றுவிட்டால் அதைக் குலதெய்வமாக்கி விடுகிறோம்!

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நான் படித்தபோது ஒளிபுகும் தாளில் எழுதித் திரையில் காட்டுவதுதான் தொழில்நுட்பம். அந்தக் கருவி இன்று எங்கள் பள்ளிக் கிடங்கில்கூட இல்லை. ஆனால் ஒரு தாளில் ஏழு வரிக்கு மேல் எழுதாதே என்று அன்று விரிவுரையாளர் சொன்னது இன்றும் கைகொடுக்கிறது.

"இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. யு.பி.எஸ்.ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பிறகு எழுத்து வேலை குறையும் என்று எதிர்பார்த்தோம். வகுப்பறை மதிப்பீட்டுப் படிவங்களை நிரப்புகிறவர்களைக் கேட்டால் குறைந்ததா என்பது தெரியும். ஆகவே இரவில் வீட்டில் உட்கார்ந்து செய்யுங்கள் என்று எவரும் சொல்லக் கூடாது. சொன்னால் நானே எதிர்ப்பேன். மக்கள் எழுதிய குறிப்புகளைச் சரிபார்த்த நூலகத்தாருக்கு அது அலுவல் வேலை. நமக்கும் வாரத்துக்கு ஒரு பாட வேளை கால அட்டவணையில் எழுதப்பட வேண்டும். புறப்பாட நடவடிக்கைக்கு நேரம் இருக்கிறது. வரலாற்றுக் கழகம் என்ற பெயரும் பல பள்ளிகளில் இருக்கிறது. 2014 முதல் நான்காம் ஆண்டில் வரலாறு தனிப்பாடமாகவும் இருக்கிறது. இவற்றுக்குள்ளேயே இடம் காண முடியும். தலைமையாசிரியர் மனம் வைக்க வேண்டும்.

இன்னொன்று. இத்தகைய வேலை வந்ததும் பள்ளியிலேயே இளைய ஆசிரியரின் தலையில் கட்டுவது நம் வழக்கம். அவருக்குக் கணினி தெரியும், ஆனால் கிராணியார் யார், கங்காணி யார், லயம் எப்படி இருந்தது என்பது தெரியாது. ஓய்வு பெறப்போகும் ஆசிரியரையும் அவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். 2010-இல் பிரித்தானிய அருங்காட்சியகம் செய்ததும் ஏறத்தாழ இதுவே. லியாம் வையட் என்னும் விக்கிப்பீடியா எழுத்தாளரை ஐந்து வாரங்கள் தன்னிடத்தில் தங்கிப் பணியாற்ற அழைத்தது. அங்கே காப்பாட்சியர்களும் விக்கிப்பீடியர்களும் ஒரே இடத்தில் கூடி, ஆக்சுன் புதையல் பற்றிய கட்டுரையை ஒரு நாள் முயற்சியாக வளர்த்தார்கள். பொருளை அறிந்தவரும் கருவியை அறிந்தவரும் ஒருவருக்கொருவர் கற்பித்துக் கொண்டார்கள்.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இலிருந்து இயங்குகிறது. கெடா மெர்போக்கில் பூசாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆண்டுதோறும் நம் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய்ப் புக்கிட் பத்து பகாட் சண்டியின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். ஐந்தாறு ஆசிரியர்கள் ஒரு நாள் அங்குள்ள அலுவலர்களோடு அமர்ந்து, நல்ல தமிழில் அதைப் பற்றிப் பிழையற எழுதினால் என்ன? சான்றிதழுக்கு ஒரு நாள் ஒதுக்க முடிகிறதென்றால் இதற்கும் ஒதுக்கலாம்.

பெற்றோர்களுக்கும் சில சொற்கள். பிள்ளைகளை மேலும் திரையின் முன் உட்கார வைக்கப் பார்க்கிறார்கள் என்று அஞ்ச வேண்டாம். இந்த வேலையில் பிள்ளைகளுக்குத் திரை குறைவு. தாத்தா பாட்டியோடு பேசுவதே மிகுதி. இன்றைய மாணவர்களின் படங்கள் பொதுவில் போகக் கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம். பழைய படங்களிலும் உயிரோடு இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுவிட்டே வெளியிட வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியில் பள்ளிப் படம் ஏதேனும் இருந்தால் அசலைக் கொடுக்க வேண்டியதில்லை. வருடியில் நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.

தொடங்க விரும்பும் பள்ளிகளுக்கு: முதல் மாதத்துக்கு மூன்று படங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். அந்த எண்ணைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். நகலை இரண்டு இடங்களில் சேமியுங்கள். பிறகு புலனத்தில் போடுங்கள், கோயில் திருவிழாவில் அச்சிட்டு ஒட்டுங்கள், எது வசதியோ அது. வருகிற செய்தியைப் பள்ளியின் பெயரில் ஒரு பதிவேட்டில் ஏற்றுங்கள். இருவர் சொன்னது ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதுங்கள். சொன்னவரின் பெயருக்கும் சொன்ன நாளுக்கும் தனிக் கட்டம் போட்டு வையுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்